மட்டக்குதிரைக்குப் புது வீடு: வன்னியில் பிள்ளையின் சவாரிக் குதிரையைக் கைமாற்ற முழுமையான வழிகாட்டி

வன்னியில் மாடு விற்பது பெரிய காரியமல்ல. தரகர் வருவார், பல்லைப் பார்ப்பார், மடியைத் தொட்டுப் பார்ப்பார், வேலியோரம் நின்று விலை பேசுவார். மாலைக்குள் மாடு புதுப் பட்டியில் நிற்கும். அந்தப் பட்டிக்காரருக்கு மாடு வளர்க்கத் தெரியுமா என்று எவரும் கேட்பதில்லை, கேட்கத் தேவையும் இல்லை. மட்டக்குதிரைக்கு இந்த ஒழுங்கு எதுவும் கிடையாது. தரகர் இல்லை, சந்தை இல்லை, பரம்பரையாக வளர்த்துவந்த குடும்பங்களும் இல்லை. விளம்பரம் வெளியானதும் அழைப்பவர்களிடம் ஆசை நிறைய இருக்கும், அனுபவம் அரிதாகவே இருக்கும்.

நல்ல பராமரிப்பில் மட்டக்குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வாழும். நான்கு வயதில் அதைக் கைமாற்றினால் இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் எவரோ ஒருவர் அதற்குத் தீனி வைக்க வேண்டும். வாங்க வருபவர் தன் பிள்ளைக்காக வாங்குவார். அந்தப் பிள்ளையும் உங்கள் பிள்ளையைப் போல ஐந்தாறு ஆண்டுகளில் வளர்ந்துவிடும். ஆகவே பணம் தருபவரை அல்ல, விடியற்காலையில் தண்ணீர் வாளியோடு வரப்போகிற ஆளைத் தேடுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது அப்பப்பாவாக இருக்கும், அல்லது தோட்டத்தில் நிற்கும் வேலையாளாக இருக்கும். விலை பேசும் இடத்தில் அவர் வாய் திறக்கமாட்டார். அவரைப் பேசவைப்பதுதான் உங்கள் வேலை.

விற்கத்தான் வேண்டுமா?

குடும்பம் வெளிநாடு போகிறது, பிள்ளையின் கால் தரையைத் தொடுகிறது, விடுமுறையில் வந்த மாமா ஆசைப்பட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். இவை நியாயமான காரணங்கள். "அடங்குதில்லை" என்பது மட்டும் காரணமானால் சற்றுப் பொறுங்கள். இரண்டரை வயதுக்கும் நாலரை வயதுக்கும் இடையில் குதிரைக்குப் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும். அந்தக் காலத்தில் கடிவாளம் வாயில் நோகும். சேணம் முதுகில் அழுத்தினாலும், குளம்பு வளர்ந்து பிளந்திருந்தாலும், வேலையில்லாமல் தானியம் மட்டும் தின்றுகொண்டிருந்தாலும் எந்தக் குதிரையும் உதைக்கும். இவற்றைச் சரிபார்க்காமல் விற்றால் வாங்கியவர் அடுத்த மாதம் வேறொருவருக்குத் தள்ளிவிடுவார். ஒவ்வொரு கைமாற்றத்திலும் விலை இறங்கும், கவனிப்பும் இறங்கும்.

மாடு, ஆடுகளை வாரத்துக்கு விடும் வழக்கம், அதாவது வளர்ப்பவரோடு குட்டியைப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம், நம்மிடம் உண்டு. நலமடித்த (விதை நீக்கிய) ஆண் குதிரையில் பங்கிடக் குட்டி இல்லை என்பதால் அந்த முறை இங்கே பொருந்தாது. உரிமையை வைத்துக்கொண்டு ஓர் ஆண்டுக்கு வளர்க்கக் கொடுப்பது சாத்தியம்தான். ஆனால் நீங்கள் கனடாவிலும் குதிரை மாங்குளத்திலும் இருந்தால் அது பெயரளவு உரிமையாகவே முடியும்.

குதிரையை அளந்து எழுதுங்கள்

முதலில் வயது. வாங்கும்போது சொன்ன வயதை நம்பாதீர்கள், முன்பற்களைப் பாருங்கள். நடு இணை நிலைப்பற்கள் ஏறத்தாழ இரண்டரை வயதிலும், அதற்கு அடுத்த இணை மூன்றரையிலும், ஓரத்து இணை நாலரையிலும் முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். பால்பல் சிறியது, வெள்ளையானது, ஈறருகே ஒடுங்கியிருக்கும்.

அடுத்து எடை. தராசு தேவையில்லை, தையல் நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை எடுங்கள். தோள் முனையிலிருந்து பின்தொடையின் முனை வரை நீளத்தை எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோக் கணக்கு வரும். அளவுகள் சென்ரிமீற்றரில் இருக்க வேண்டும். சுற்றளவு 140, நீளம் 125 என்றால் ஏறத்தாழ 206 கிலோ. பூச்சி மருந்தின் அளவும் இந்த எண்ணிலிருந்துதான் வரும். ஆகவே இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

சுமை விடயத்தில்தான் அதிகம் பிழை நடக்கிறது. வளர்ந்த குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைச் சுமக்கலாம் என்பது பொதுவான வரம்பு. சேணமும் அதற்குள் அடக்கம். இளங்குதிரைக்கு அதை 15 வீதத்தோடு நிறுத்துவது என் கருத்து, ஏனென்றால் அதன் முதுகெலும்பின் வளர்ச்சி முனைகள் மூடுவதற்கு ஐந்தரை, ஆறு வயதாகும். 206 கிலோக் குதிரைக்கு அது 31 கிலோ. சேணத்துக்கு ஐந்தாறு கிலோ போனால் மிஞ்சுவது 25 கிலோ, ஏழெட்டு வயதுப் பிள்ளையின் எடை. பன்னிரண்டு வயது மகனையும் கூட்டிக்கொண்டு ஒரு குடும்பம் வந்தால் இந்தக் கணக்கை அவர்கள் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள். கோபித்துக்கொண்டு போனால் போகட்டும்.

மூன்று வயதுக்கு உட்பட்டதென்றால் "சவாரிக் குதிரை" என்று விளம்பரம் செய்யவே வேண்டாம். தலைக்கயிற்றில் நடக்கப் பழகிய குட்டி என்று சொன்னால் போதும்.

குணத்தை எழுதும்போது உழவு இயந்திரத்துக்கு மிரளும், நாய் குரைத்தால் நிற்காது, எந்தக் குளம்பைத் தூக்க விடாது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். குறையை மறைத்து விற்ற குதிரை புது வீட்டுப் பிள்ளையின் கையை முறித்துவிட்டால் எந்தப் பணமும் ஈடாகாது.

வைத்தியர் பார்க்க வேண்டியவை

உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்தியர் நாளாந்தம் பார்ப்பது மாடும் ஆடும் கோழியும்தான். குதிரை என்று முன்கூட்டியே சொல்லி நாள் குறித்துக்கொள்ளுங்கள். எடையையும் வயதையும் கொண்டுபோனால் அவருக்கு வேலை சுலபம். ஏற்புவலி நோய் குதிரையை மிக எளிதாகத் தாக்கும். முள்ளும் துருப்பிடித்த கம்பியும் நிறைந்த வளவுகளில் அதற்கான தடுப்பூசி கட்டாயம். விசர்நாய்க்கடித் தடுப்பூசியையும் கேளுங்கள். பூச்சி மருந்து கொடுத்த திகதி, பல்லின் நிலை, நடையில் நொண்டல் உண்டா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். குளம்பைப் புது இடத்துக்குப் போகுமுன் சீவிவிடுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்கு ஒருமுறை அதைச் செய்ய வேண்டும் என்பது வாங்குபவருக்குப் பெரும்பாலும் புதுச் செய்தியாக இருக்கும்.

ஆண் குதிரையென்றால் நலமடிக்காமல் பிள்ளையுள்ள வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. ஒன்றரை வயதிலேயே அது பெட்டையைச் சினைப்படுத்தக்கூடும், கடிக்கவும் கால்தூக்கி அடிக்கவும் தொடங்கும். நலமடித்த பின் புண் ஆறும்வரை அனுப்ப வேண்டாம். ஆறு வாரம் வரை பெட்டைக் குதிரையிடமிருந்து விலக்கியும் வையுங்கள். பெட்டையாக இருந்து, ஆண் குதிரையோடு மேய்ந்திருந்தால் சினைச் சோதனை செய்துவிடுங்கள். சினைக்காலம் பதினொரு மாதம். வயிறு தெரியும்போது குதிரை பிறர் கையில் இருக்கும்.

எங்கே தேடுவது, எங்கே தேடக்கூடாது

"கோயிலுக்கு விட்டுவிடலாமே" என்று ஊரில் எவராவது கட்டாயம் சொல்வார். வேட்டைத் திருவிழாவுக்கு மரக்குதிரை வாகனம் போதும். உயிருள்ள குதிரையை நேர்ந்துவிட்டால் திருவிழா முடிந்த பிறகு அதற்குப் புல் அறுப்பவர் யார் என்பதற்குப் பரிபாலன சபையிடம் பதில் இருக்காது.

"நெடுந்தீவில் கொண்டுபோய் விடு" என்பது அடுத்த யோசனை. காலனித்துவ காலத்தில் வந்து காட்டுக்குதிரைகளாகிவிட்ட மந்தை அங்கே இருக்கிறது. வறட்சியில் அவையே தண்ணீருக்குத் தவிக்கின்றன. வாளியில் தண்ணீர் குடித்துப் பழகிய குதிரை அங்கே போனால், அந்த மந்தையின் ஆண் குதிரைகளிடம் கடி வாங்கியே ஒடுங்கிப்போகும். இன்னொன்றையும் கவனியுங்கள்: அத்தீவிலிருந்து குதிரைகளை வெளியே கொண்டுவரத் தடை இருக்கிறது. எனவே வாங்குபவர் "இது எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்பது நியாயம். நீங்கள் வாங்கிய பற்றுச்சீட்டைத் தேடி எடுத்துவையுங்கள்.

நுவரெலியாவிலிருந்தும் அழைப்பு வரலாம். அங்கே குதிரைப் பந்தயத் திடல் உண்டு, கிரகரி ஏரிக்கரையில் வாடகைச் சவாரியும் உண்டு, தெருவில் அலையும் குதிரைகளும் உண்டு. வாடகைச் சவாரியில் நாளெல்லாம் புதுப் புது ஆட்கள் ஏறுவார்கள், எடையை எவரும் கேட்கமாட்டார்கள். எலும்பு முற்றாத குதிரையை அதற்குக் கொடுக்கவே கூடாது.

மாட்டுவண்டிச் சவாரிப் போட்டிக்காரரை நான் ஒதுக்கமாட்டேன். குளம்பைப் பார்த்தே விலங்கின் நலத்தைச் சொல்லக்கூடியவர்கள் அவர்களில் இருக்கிறார்கள், அதிகாலையில் எழும்பும் பழக்கமும் உண்டு. குதிரையை வண்டியில் பூட்டிப் பார்க்கும் ஆசையும் கூடவே இருக்கும். அதை முதல் பேச்சிலேயே அடைத்துவிட வேண்டும். மன்னாரில் கழுதைகளைப் பராமரிப்பவர்களையும் விசாரியுங்கள். குதிரை கூட்டமாக வாழும் பிராணி, தனியே நின்றால் வாடும். இன்னொரு குதிரை இல்லாத இடத்தில் கழுதை நல்ல துணை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. விலங்கு வளர்ப்பில் நாட்டமுள்ள பண்ணைக்காரர்களை அங்குள்ளவர்கள் அறிந்திருப்பார்கள். கால்நடை வைத்தியரின் வாய்ச்சொல் எந்த விளம்பரத்தையும் விடப் பெறுமதியானது.

விளம்பரம் போடுவதென்றால் இப்படி எழுதலாம்:

"மட்டக்குதிரை, ஆண், நலமடித்தது. பற்களின்படி நான்கு வயது. தோளுயரம் 115 சென்ரிமீற்றர், எடை ஏறத்தாழ 206 கிலோ. தலைக்கயிற்றில் நன்றாக நடக்கும். பெரியவர் கயிற்றைப் பிடித்திருக்க, 25 கிலோவுக்கு உட்பட்ட பிள்ளையோடு நடையில் மட்டும் பழகியது. உழவு இயந்திரத்துக்கு மிரளும். வண்டிக்கோ வாடகைச் சவாரிக்கோ கொடுக்கப்படமாட்டாது. பார்க்க வரும்போது நாளாந்தம் பராமரிக்கப்போகிறவரும் வர வேண்டும்."

கடைசி வரியைப் படித்ததுமே பாதிப்பேர் அழைக்கமாட்டார்கள். அந்த வரியின் பயனே அதுதான். வீட்டு முகவரியை விளம்பரத்தில் போடாதீர்கள். மாட்டுத் திருட்டு நடக்கும் ஊரில் குதிரை மட்டும் தப்பிவிடாது.

வாளி தூக்குபவரோடு பேசுவது

வருபவர்களை உடனே குதிரையிடம் கூட்டிப்போகாதீர்கள். தேநீர் கொடுத்துப் பேசுங்கள். பராமரிக்கப்போகிற பெரியவரைப் பார்த்து, "ஐயா, ஆவணி மாதத்தில் உங்கள் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கும்?" என்று தொடங்குங்கள். சோழகம் வீசும் வறண்ட மாதங்களில்தான் இங்கே விலங்குகள் மெலிகின்றன. இந்த அளவுக் குதிரைக்கு வெப்ப நாளில் 20 லீற்றர் தண்ணீராவது எந்நேரமும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்று மகன் முந்திக்கொண்டு சொன்னால், பெரியவரின் முகத்தைப் பாருங்கள்.

பிறகு தீனி. "என்ன போடுவீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் வைக்கோல், தவிடு, மாட்டுத்தீனி. மூன்றிலும் சிக்கல் இருக்கிறது. குதிரை அசைபோடும் விலங்கல்ல. வைக்கோலை மட்டும் தின்று தண்ணீரும் குறைந்தால் குடலில் அடைத்துக்கொள்ளும். அரிசித் தவிட்டில் பொசுபரசு மிகுதி, கல்சியம் குறைவு. மாதக்கணக்கில் அதையே போட்டால் எலும்பிலிருந்து கல்சியம் கரைந்து முகவெலும்பு வீங்கும், கால் நொண்டும். மாட்டுத்தீனி, கோழித்தீனி சிலவற்றில் சேர்க்கப்படும் மொனென்சின் என்ற மருந்து சிறிதளவிலேயே குதிரையைக் கொல்லும். இதை மட்டும் இரண்டு முறை சொல்லுங்கள். ஆட்டுக்கு வெட்டிப்போடும் இப்பில் இப்பில் குழையும் ஆகாது, பிடரி மயிரும் வால்மயிரும் கொட்டிவிடும். சீமைக்கிளுவைக் குழையையும் தவிர்க்கச் சொல்லுங்கள். அலரி நிற்கும் வேலியோரம் கட்டவே கூடாது.

பச்சைப் புல்லும் காய்ந்த புல்லும்தான் அடிப்படை உணவு. நாளொன்றுக்கு உடல் எடையில் இரண்டு வீதம் உலர்தீனி என்பது கணக்கு. 200 கிலோக் குதிரைக்கு அது 4 கிலோ. பச்சைப் புல்லில் பெரும்பகுதி நீர் என்பதால் அறுத்துப்போடுவதானால் 16 முதல் 20 கிலோ வரை வேண்டும். இந்த எண்ணைக் கேட்டதும் ஒரு பெரியவர் தன் வளவின் புல்லை மனதுக்குள் அளந்துபார்க்கத் தொடங்கினால், அவரிடம் தொடர்ந்து பேசலாம். "அது தன்பாட்டில் குளத்தடியில் மேயும்" என்பவரிடம் வேண்டாம். கட்டாக்காலியாகத் திரியும் குதிரை காலபோக வயலுக்குள் இறங்கினால் அயலில் சண்டை, பிரதேச சபை பிடித்தால் தண்டம். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கமென்றால் யானை. முகமாலை போன்ற பகுதிகளில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் எங்கே நிற்கின்றன என்பது மனிதருக்குத் தெரியும், குதிரைக்குத் தெரியாது.

அவர்களுடைய வளவை நேரில் போய்ப் பாருங்கள். வீட்டைப் பார்க்க வேண்டாம், வேலியைப் பாருங்கள். மிரண்ட குதிரை முட்கம்பிக்குள் பாய்ந்தால் தோல் கிழிந்து தொங்கும். நிழல் மரம் உண்டா, மாரியில் குளம்பு காய நிற்க மேடான இடம் உண்டா, இப்போது அங்கே நிற்கும் மாடும் நாயும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள். நாயின் விலா எலும்பு சொல்லும் செய்தியை உரிமையாளர் சொல்லமாட்டார்.

இரண்டாம் முறை அவர்கள் வரும்போது பெரியவரே குதிரைக்குத் தலைக்கயிறு போட்டு, நான்கு குளம்பையும் தூக்கித் துடைத்து, தண்ணீர் வைக்கட்டும். பிள்ளை ஏறுவது அதற்குப் பிறகுதான், தலைக்கவசத்தோடு, உங்கள் முற்றத்தில். ஒரு வாரம் தங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கிறோம் என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த ஒரு வாரம் அவர்கள் உங்கள் வளவுக்கு வந்துபோகட்டும். வர மனமில்லாதவருக்கு வளர்க்கவும் மனமிருக்காது.

விலையும் எழுத்தும்

சும்மா கொடுக்காதீர்கள். பணம் கொடுத்து வாங்காத விலங்குக்கு வைத்தியச் செலவு செய்ய நம்மவர் கை கூசும். ஆனால் இரண்டு வீடுகளில் ஒன்று அதிக விலையும் மற்றது நல்ல பெரியவரும் தந்தால், நான் பெரியவரையே எடுப்பேன்.

ஒரு பக்கத்தில் உடன்படிக்கை எழுதுங்கள். குதிரையின் நிறம், அடையாளச் சுழிகள், வயது, எடை, தெரிந்த குறைகள், விலை, கையளித்த திகதி ஆகியவை அதில் வேண்டும். குறிசுடக் கூடாது, வண்டியில் பூட்டக் கூடாது, ஆறு வயது வரை சுமை வரம்பை மீறக் கூடாது, மீண்டும் கைமாற்றுவதானால் முதலில் உங்களிடம் கேட்க வேண்டும் என்பவற்றையும் சேருங்கள். குறிசுடுதலை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். பட்டி மாட்டுக்குப் போடும் வழக்கத்தில், வாங்கிய வாரமே இதற்கும் இரும்பைக் காய்ச்சிவிடுவார்கள். வவுனியா தெற்கிலிருந்து சிங்களம் பேசும் குடும்பம் வாங்கினால் இரு மொழியிலும் எழுதுங்கள். கிராம அலுவலர் முன்னிலையில் இரு சாட்சிகளோடு கையொப்பமிட்டால் வழியில் பொலிசார் மறிக்கும்போதும் அந்தத் தாள் உதவும். விலங்குகளைக் கொண்டுசெல்ல வேறு அனுமதி வேண்டுமா என்பதை அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஏற்றுவதும் இறக்குவதும்

பட்டா ரகச் சிறு லொறி சிறிய குதிரைக்குப் போதும், பக்கப் பலகை உயரமாக இருந்தால். தரையில் மணலும் அதன்மேல் வைக்கோலும் பரப்புங்கள். குதிரையைத் தூக்கி ஏற்ற முயல வேண்டாம். வாகனத்தைக் குளக்கட்டின் சரிவிலோ உயர்ந்த வரம்பிலோ பின்பக்கமாக ஒட்டி நிறுத்தினால் தட்டும் நிலமும் சமமாகிவிடும், குதிரை நடந்தே ஏறும். ஒரு வாரம் முன்பே நின்ற வாகனத்தில் ஏற்றி, உள்ளே புல் கொடுத்து இறக்கிப் பழக்குங்கள். கட்டுவது தலைக்கயிற்றில்தான், கடிவாளத்தில் ஒருபோதும் இல்லை. இழுத்தால் உடனே அவிழும் முடிச்சுப் போடுங்கள். வெயில் ஏறுமுன் ஏ9 வீதியைக் கடந்துவிடும்படி புறப்படுங்கள். பெரியவர் கூடவே வரட்டும்.

பத்து நாளுக்கு வேண்டிய பழைய தீனியையும் சேர்த்து அனுப்புங்கள். புதுத் தீனியைச் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். புது இடத்தில் வேறு குதிரையோ கழுதையோ இருந்தால் இரண்டு, மூன்று வாரம் தனியே கட்டட்டும். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, மண்ணில் புரள்வது, சாணம் போடாமல் இருப்பது ஆகியவை வயிற்றுக் குத்தின் அறிகுறிகள். அப்போது தீனியை நிறுத்தி உடனே வைத்தியரை அழைக்க வேண்டும். குதிரையின் இயல்பான உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ் என்பதை உடன்படிக்கையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைக்குச் சொல்வது

பிள்ளை பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து அனுப்பிவிடுவது பெரியவர்களுக்குச் சுலபம், ஆனால் அது களவு. முன்கூட்டியே சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். குதிரைக்கு எங்கே தடவினால் பிடிக்கும், எதற்கு மிரளும், எந்தப் பெயருக்குத் திரும்பும் என்பவற்றைப் பிள்ளையே எழுதிப் புது வீட்டுப் பிள்ளையிடம் கொடுக்கட்டும். அந்தத் தாள் வைத்தியரின் தாளுக்குக் குறைந்ததல்ல. பிள்ளை அழுதால் அழட்டும், ஆட்டுக்குட்டி வாங்கித் தருகிறேன் என்று அவசரப்பட்டு வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஆள் கிடைக்காவிட்டால்

காட்டில் அவிழ்த்துவிடுவது தீர்வல்ல. விலங்கைப் பட்டினி போடுவதும் வதைப்பதும் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். நீங்கள் வெளிநாடு போகும் திகதி நெருங்கிவிட்டால், உறவினர் ஒருவரிடம் மாதச் செலவுக் கணக்கோடு விட்டுச் செல்லுங்கள். தேடலையும் அவரே தொடரலாம். செலவை முன்பணமாகக் கொடுங்கள், பிறகு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். காலபோக அறுவடை முடிந்து, மாசி, பங்குனியில் கையில் நெல்லுக் காசும் வயலில் தாளடிப் புல்லும் இருக்கும்போது விளம்பரத்தை மறுபடி போடுங்கள். அதற்கு முன் எடையை மீண்டும் அளந்து விளம்பரத்தில் திருத்திவிடுங்கள், இளங்குதிரை அதற்குள் வளர்ந்திருக்கும்.